ஜிஞ்சர் என்ற சொல்லின் வேர்

வணக்கம் ஐயா. ‘ஜிஞ்சர்’ என்பது ‘கொம்பு போன்ற உடல்’ எனப் பொருள்படும் ‘சிருங்கவேர’ என்ற வடசொல்லிலிருந்து வந்ததாக அகராதியில் கண்டதாகவும், அப்படியானால் நம் இஞ்சிக்கும் அதற்கும் உறவே இல்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். உறவு உண்டு.

ஆங்கிலச் சொல்லைப் பின்னோக்கிப் பிடித்துச் சென்றால் லத்தீனில் ‘ஸிங்கிபெர்’, கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’, அதற்கும் முன்னே, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ‘சிங்கிவேர’ எனக் காண்கிறோம். இந்தப் பாலி வடிவத்தை இஞ்சி, வேர் என்ற இரு திராவிடச் சொற்களின் கூட்டாகவே மொழியியலாளர் பலர் கொள்கின்றனர். அப்படியானால் முதலில் நிற்கும் சகரம் எங்கிருந்து வந்தது என்ற உங்கள் ஐயம் மிக நியாயமானது. பழந்திராவிடத்தில் சொல் முதலில் இருந்த சகரம் தமிழில் பல இடங்களில் உதிர்ந்துவிட்டது. சிறகு, இறகு என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிப்பியும் இப்பியும் அப்படியே. ஆகவே சகரம் உதிராத பழைய வடிவமே வடக்கே சென்று, கடல் கடந்து மேற்கை அடைந்தது.

‘கொம்பு’ விளக்கம் பின்னால் ஏற்றப்பட்டது. ஆனாலும் அதைச் சொன்னவர்களை நான் குறை கூற மாட்டேன். திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரட்றிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்களின் கிளைத்த கொம்பைப் பார்த்துவிட்டு, சந்தையில் மண் ஒட்டிய இஞ்சித் துண்டொன்றைக் கையில் எடுத்தால், அந்த எண்ணம் யாருக்கும் தோன்றும்.

நீங்கள் எழுதும் கட்டுரையில் ‘தமிழிலிருந்து நேரே ஆங்கிலத்துக்கு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இடையில் நின்ற பாலியையும் கிரேக்கத்தையும் லத்தீனையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.