கெண்டைக்காலில் பட்டை கட்டிப் பயிற்சி செய்யலாமா?

கேள்வி: வயது 38. வாரக் கடைசியில் 10 கிலோமீட்டர் ஓடுவேன். கெண்டைக்காலில் சதையே ஏறவில்லை. முழங்காலுக்குக் கீழே எலாஸ்டிக் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னார் ஜிம் நண்பர். செய்தேன், பாதம் மரத்துப்போனது. தொடரலாமா?

பதில்: வேண்டாம், பட்டையைக் கழற்றி வையுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி, தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு போகிறது. அங்கே இறுக்கினால் அது நசுங்கும், மோசமானால் பாதத்தை மேலே தூக்கவே முடியாமல் போகும்.

ஆனால் இரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்திப் பயிற்சி செய்யும் முறை பொய்யில்லை. ஜப்பானின் யோஷியாகி சாட்டோ 1960களில் ஒரு சடங்கில் நெடுநேரம் மண்டியிட்டிருந்தபோது கெண்டைக்கால் மரத்து, எடை தூக்கிய பின் வரும் அதே இறுக்கம் தெரிய, தன் உடம்பிலேயே கட்டிச் சோதிக்க ஆரம்பித்தார் (நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து ஆஸ்பத்திரிக்கும் போனார், அதை யாரும் வீடியோவில் சொல்வதில்லை). இரத்தம் திரும்பும் வழி அடைபட்டு, வரும் வழியும் குறுகினால், தசைக்கு ஆக்ஸிஜன் போதாமல் லேசான எடைக்கே பெரிய தசை இழைகளும் வேலைக்கு வந்துவிடும். முழங்கால் ஆபரேஷன் முடிந்து கனமான எடை தூக்க முடியாதவர்களுக்கு இது உண்மையிலேயே வரப்பிரசாதம்.

உங்களுக்கு அந்தத் தடை இல்லையே! படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், சுலபமானால் கையில் டம்பெல். முழங்காலை நீட்டியும் செய்யுங்கள், மடக்கியும் செய்யுங்கள். மடக்கும்போது வேலை செய்யும் அடித்தசைதான் ஓட்டத்தில் பெரும் சுமையைத் தாங்குகிறது. வாரம் 2, 3 நாள், குறைந்தது 8 வாரம்.

இல்லை, கட்டித்தான் பார்ப்பேன் என்றால், அதற்கென்றே உள்ள அகலமான கஃப் (காற்றடைத்து இறுக்கும் பட்டை) தொடையின் மேல்பகுதியில்தான் வர வேண்டும். பிசியோதெரபிஸ்ட் டாப்ளர் (இரத்த ஓட்டத்தைக் கண்டறியும் கருவி) வைத்து உங்கள் கால் நாடி நிற்கும் அழுத்தத்தைக் கண்டுபிடித்து, அதில் 40 முதல் 80 சதவீதம்தான் வைப்பார். எடை, ஒரே ஒரு முறை தூக்க முடிகிற அதிகபட்சத்தில் 20, 30 சதவீதம். முதலில் 30 முறை, அப்புறம் 15, 15, 15, நடுவில் அரை நிமிட ஓய்வு, முடிந்ததும் உடனே கழற்றிவிட வேண்டும். முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள், வெரிகோஸ் வெயின், கட்டுப்படாத பிரஷர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கிட்டேயே போகக் கூடாது. கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

ஏற்கெனவே கட்டிப் பார்த்துவிட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்: ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால், பாதம் மேலே தூக்க வராவிட்டால், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் நேரே எமர்ஜென்சிதான்.