மூளைக்குள் சிப், கையெழுத்து யாருடையது? – கடிதம்

அண்ணாச்சிக்கு வணக்கம்,

மூளைக்குள் சிப் பதிக்கும் சோதனைகளைப் பற்றிப் போன வாரம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். சோதனை ஓடுகிற வேகத்துக்குக் கண்காணிப்பு ஈடுகொடுக்கவில்லை, விதிகள் இன்னும் கடுமையாக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எங்களுக்குத் திசையன்விளை பக்கம். பெரியப்பா மகன் பனையேறி. ஆறு வருசத்துக்கு முன்னால் பாளை சீவ ஏறினவர் கால் வழுக்கி விழுந்தார். கழுத்தெலும்பு நொறுங்கிவிட்டது. கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பெரியம்மையும் மதினியும்தான் புரட்டிப் போடுகிறார்கள், துடைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இப்படிக் கிடந்த ஒருவர் நினைப்பை வைத்தே செஸ் விளையாடும் வீடியோவைப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. இப்படிக் கிடக்கிறவருக்கு இழக்க என்ன இருக்கிறது அண்ணாச்சி? சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. நடுவில் நெறிமுறைக் கமிட்டி எதற்கு? நல்லா நடமாடுகிறவர்களுக்கு நெறிமுறை பேசுவது சுலபம்.

வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒன்றரை லட்சம் முன்பணம் கட்டினால் இந்த சிப்புக்குப் பெயரைப் பதிவு செய்து தருவதாகச் சொல்கிறார். விசாரிக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

முத்துராஜ்

*

அன்புள்ள முத்துராஜ்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: ஒரு பைசா கட்டாதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் பார்த்தது நோலண்ட் ஆர்பாவின் வீடியோவாகத்தான் இருக்கும். 2016இல் தண்ணீரில் நடந்த விபத்தில் கழுத்து அடிபட்டு முடங்கியவர். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் தன் கருவியை மனிதர்களில் முதன்முதலாகப் பதித்தது அவருடைய மூளையில்தான். முடியை விட மெல்லிய 64 இழைகள், அவற்றில் 1024 மின்முனைகள். மார்ச்சில் செஸ் வீடியோ வந்து உலகமே பார்த்தது. வீடியோவில் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அறுவை முடிந்த சில வாரங்களில் அந்த இழைகளில் பல, மூளைத் திசுவிலிருந்து பின்வாங்கி வெளியே வந்துவிட்டன. மூளையிலிருந்து வரும் சமிக்ஞை குறைந்து, அதை வைத்துத் திரையில் நகர்கிற கர்சர் தடுமாறியது. நிறுவனம் இதை வெளியில் சொன்னது மே மாதம். மென்பொருளை மாற்றி அமைத்து ஓரளவு சரிக்கட்டினார்கள். ஆர்பா இன்றும் அந்தக் கருவியைப் பற்றி நல்லவிதமாகவே பேசுகிறார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்தக் கருவி நகர்த்துவது திரையில் இருக்கும் கர்சரை. அவர் கை அன்றும் அசையவில்லை, இன்றும் அசையவில்லை. உங்கள் வீட்டில் யாராவது ‘எழும்பி நடந்திருவான்’ என்று நினைத்துக்கொண்டிருந்தால் அதை முதலில் தெளிவுபடுத்திவிடுங்கள்.

இனி ‘இழக்க என்ன இருக்கிறது’ என்ற உங்கள் கேள்வி. பாசத்தில் கேட்டது என்று தெரிகிறது. ஆனாலும் இந்தத் துறையில் நான் மிகவும் பயப்படுகிற வாக்கியம் இதுதான். ஆள் தேடும் கம்பெனிக்கு இதைவிட வசதியான வாக்கியம் கிடைக்காது.

ஒஹாயோவைச் சேர்ந்த இயன் பர்க்ஹார்ட் கடலில் பாய்ந்து கழுத்து முறிந்தவர். 2014இல் மூளையில் கருவி பதித்தார்கள். மூளையின் சமிக்ஞை கணினிக்குப் போய், அங்கிருந்து அவர் முன்கையில் சுற்றிய மின்பட்டைக்கு வரும், விரல்கள் மடங்கும். பாட்டிலைப் பிடித்து ஊற்றினார், கார்டைத் தேய்த்தார். எல்லாம் ஆய்வகத்துக்குள் மட்டும். வயரைக் கழற்றி வீட்டுக்குப் போனால் கை பழையபடிதான். இப்படி ஏழு வருடம். 2021இல் தொற்று ஏற்பட்டு கருவியை எடுக்க வேண்டியதாயிற்று. நாலு வருடமாகத் தன் கை அசைவதைப் பார்க்காத ஒரு மனிதருக்கு அதைக் காட்டிவிட்டு மறுபடியும் எடுத்துக்கொண்டால் அது இழப்பில்லையா?

ஆஸ்திரேலியாவில் ரீட்டா லெகெட் என்ற பெண்மணியின் கதை இன்னும் ஒரு படி மேல். சின்ன வயதிலிருந்தே கடும் வலிப்பு. 2010இல் நியூரோவிஸ்டா என்ற கம்பெனியின் சோதனையில் சேர்ந்தார். மொத்தம் 15 பேர். வலிப்பு வரப்போகிறது என்பதைக் கருவி முன்கூட்டியே சொல்லிவிடும், அவர் மாத்திரை போட்டுக்கொள்வார். பயமில்லாமல் வெளியே போனார், வண்டி ஓட்டினார். கருவியும் தானும் ஒன்றாகிவிட்டதாகவே அவர் உணர்ந்தார். கம்பெனிக்குப் பணம் தீர்ந்தது. 2013இல் கருவியைத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று கணவனும் மனைவியும் கேட்டுப் பார்த்தார்கள். நடக்கவில்லை. 15 பேரில் கடைசியாகக் கழற்றியது அவருக்குத்தான். சோதனை விதிப்படிதான் எல்லாம் நடந்தது. கையெழுத்தும் இருந்தது.

முடங்கியவருக்கு இழக்க ஒன்றும் இல்லை என்பதற்கு நம்மூரிலேயே ஒரு பதில் உண்டு. ஆய்க்குடி உங்களுக்குத் தெரிந்த ஊர்தான். எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1975இல் கடற்படை அதிகாரிகள் தேர்வின் உடல்திறன் சோதனையில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அன்றைக்கு அவரைப் பார்த்தவர்களும் இனி இவனுக்கு என்ன இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்கள். 1981இல் அவர் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். இன்று தென்காசிச் சுற்றுவட்டாரத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தை உள்ள வீடுகளில் அந்தப் பெயர் தெரியாத வீடு குறைவு. 2020இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எல்லோரும் அவரைப் போல ஆகவேண்டும் என்று சொல்லவரவில்லை, அப்படிச் சொல்வது இன்னொரு வகைக் கொடுமை. படுத்திருக்கும் ஆளுக்குத் தெளிவாக யோசிக்கும் தலை மிச்சம் இருக்கிறது, அந்தத் தலையைத்தான் திறக்கப்போகிறார்கள் என்கிறேன்.

என் சந்தேகமெல்லாம் கருவியைப் பதிக்கும் நாளைப் பற்றி இல்லை. அன்றைக்கு எல்லோரும் இருப்பார்கள்: நரம்பியல் நிபுணர், பொறியாளர், கேமரா. எட்டாவது வருடம் யார் இருப்பார்கள்?

சோதனைக் கட்டத்தைத் தாண்டி, உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் பொருத்தியிருக்கும் காக்ளியர் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். காது கேளாத குழந்தைகளுக்கு நம் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாக வைக்கிறார்கள், நல்ல காரியம். என் பெரியம்மா பேத்திக்கும் அப்படித்தான் வைத்தது. உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகவில்லை. காதுக்குப் பின்னால் மாட்டுகிற பகுதிதான் பிராணனை வாங்கும். நம்மூர் வேர்வைக்கு ஈரம் இறங்கிவிடும். அவள் அம்மா ஒவ்வொரு ராத்திரியும் அதைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் உருண்டைகள் போட்ட சின்ன டப்பாவில் வைத்து மூடுவாள், சாமி நகையை எடுத்துவைக்கிற பத்திரத்தோடு. ஒருதடவை தலையில் ஒட்டும் வளையத்துக்குப் போகிற வயர் அறுந்துபோயிற்று. சுண்டுவிரல் நீள வயர். வாரண்டி முடிந்துவிட்டது, விலையைக் கேட்டால் தலை சுற்றும். சென்னையிலிருந்து வயர் வந்துசேரும் வரைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள். அது ஆலமரம் போல நிற்கிற கம்பெனியின் கருவி. நேற்று முளைத்த கம்பெனி என்றால்?

அதற்கும் உதாரணம் இருக்கிறது. செகண்ட் சைட் என்ற அமெரிக்க நிறுவனம் பார்வையற்றவர்களுக்காக விழித்திரையில் பதிக்கும் ஆர்கஸ் 2 கருவியைச் செய்தது. 2013இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. உலகெங்கும் 350 பேருக்கு மேல் பதித்துக்கொண்டார்கள். பிறகு வியாபாரம் கட்டுப்படியாகவில்லை என்று அதைக் கைவிட்டார்கள். 2020இல் கம்பெனியே மூடும் நிலைக்கு வந்தது. பழுதானால் உதிரிபாகம் இல்லை, கேட்க ஆளில்லை. கண்ணுக்குள் செத்த கருவியோடு மனிதர்கள் அலைகிறார்கள்.

கமிட்டி எதற்கு என்று கேட்டீர்களே, இதைக் கேட்பதற்குத்தான். கம்பெனி மூழ்கினால் கழற்றுகிற செலவு யாருடையது? கழற்றாமல் வைத்துக்கொள்ள விரும்பினால் அந்த உரிமை உண்டா? பாட்டரி, பழுது, தொற்று வந்தால் விமானச் செலவு? அந்தப் பணத்தைச் சோதனை தொடங்கும் முன்பே தனிக் கணக்கில் கட்டிவைக்கச் சொல்ல வேண்டும். கட்டாத கம்பெனிக்கு அனுமதி கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சின்கி பிரகடனம், 1964இல் தொடங்கிப் பலமுறை திருத்தப்பட்டது, சோதனை முடிந்தபிறகு பங்கேற்றவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதை முன்கூட்டியே செய்துவைக்கச் சொல்கிறது. பிரகடனம் பணம் கட்டாது.

இந்தியாவில் 2019ஆம் வருடத்துப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் இருக்கின்றன. சோதனையால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் கொடுக்க வேண்டும் என்கிறது. சோதனை முடிந்தபிறகும் பலனளித்த மருந்தை இலவசமாகத் தொடர ஒரு வழி வைத்திருக்கிறது. ஆனால் அப்படிப் பெறுகிறவர், பின்னால் வருகிற எதற்கும் நிறுவனம் பொறுப்பில்லை என்று எழுதிக்கொடுக்க வேண்டும்! மாத்திரையை மனதில் வைத்து எழுதிய விதி அது. வேண்டாமென்றால் மாத்திரையை நிறுத்திவிடலாம், மண்டைக்குள் இருப்பதை நிறுத்த மறுபடியும் மண்டையைத் திறக்க வேண்டும். மனநோய்க்காக மூளையில் அறுவை செய்வதென்றால் 2017ஆம் வருட மனநலச் சட்டம் நோயாளியின் சம்மதத்தோடு தனி வாரியத்தின் ஒப்புதலையும் கேட்கிறது. முடக்கத்துக்காக அதே மூளையைத் திறக்க வருகிறவர்களுக்கும் அப்படி இரண்டாவது பூட்டு ஒன்று இருப்பது நல்லது.

சம்மதம் என்றீர்கள். கொஞ்ச காலம் முன்பு உறவினர் ஒருவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் உங்கள் அண்ணனைப் போலவே ஒருவர், படுக்கைப்புண்ணுக்கு அறுவை. நர்ஸ் தாளை நீட்டி ‘கையெழுத்து யார் போடுதா?’ என்று பொதுவாகக் கேட்டார். மச்சான் முன்னால் வந்து, படுத்திருந்தவரின் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அமுக்கி, தாளில் உருட்டினார். அந்த ஆள் விழித்துக்கொண்டுதான் இருந்தார். மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் பேசும், காது கேட்கும். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. யார் மேலும் குற்றம் சொல்ல மாட்டேன், நம்மூரில் எல்லா வார்டிலும் இதுதான் வழக்கம். ‘நீங்க பாத்துச் செய்யுங்க டாக்டரே’ என்பதுதான் நம் சம்மதப் படிவம். புண்ணுக்கு அது போதும் என்று விடலாம். மூளைச் சோதனைக்கு விட முடியாது.

2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்துப் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசி ஆய்வு நடந்தபோது பல படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் விடுதி வார்டன்கள். நாடாளுமன்றக் குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. கையெழுத்து இருந்தால் முடிந்தது என்றால் அந்த ஆய்வும் சரியானதுதான்.

கை அசையாதவருக்குச் சம்மதம் வாயில் இருக்கிறது. சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் பக்கத்தில் நிற்க, அவருடைய பேச்சுத் தமிழில் விளக்கிச் சொல்லி, அவர் திருப்பிச் சொல்வதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். மதினியும் மச்சானும் அந்த அறைக்கு வெளியே இருக்கட்டும். நம் வீடுகளில் பாரமாகக் கிடக்கிறோம் என்ற நினைப்பே ஆளைத் தலையாட்ட வைத்துவிடும். நெறிமுறைக் குழுவில் மருத்துவம் சாராத பொதுஜனம் ஒருவர் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. வழக்கமாக ஓய்வுபெற்ற தலைமையாசிரியரையோ ஃபாதரையோ பிடித்துப் போடுவார்கள். மரியாதையான மனிதர்கள்தான், சரி. மூளைக்கருவிச் சோதனை என்றால் அந்த நாற்காலி சக்கர நாற்காலியாக இருக்க வேண்டும். நல்லா நடமாடுகிறவர்கள் நெறி பேசுகிறார்கள் என்ற உங்கள் கோபத்துக்கு அதுவே நியாயமான வழி.

உங்கள் கடிதத்தில் பெரியம்மை வருகிறார், மதினி வருகிறார், நீங்கள் தூங்காததும் வருகிறது. அண்ணன் என்ன சொன்னார் என்பது மட்டும் இல்லை. அவரிடம் அந்த வீடியோவைக் காட்டினீர்களா? கேட்டுவிட்டு எழுதுங்கள். கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆபத்தும் புரிந்து, பரவாயில்லை வரட்டும் என்று அவரே சொன்னால், குறுக்கே நிற்க நான் யார்? முறையான சோதனை வரும்போது சேரட்டும். அதுவரை ஆய்க்குடிக்கு ஒருமுறை கூட்டிப்போய் வாருங்கள். கழுத்துக்கு மேலே அசைவு இருக்கிறவர்கள் வாயில் பிடிக்கும் குச்சியாலும் குரலாலும் போனை இயக்கப் பழகுகிறார்கள். மண்டையைத் திறக்காமலே அவ்வளவு தூரம் வரலாம்.

இனி அந்த ஒன்றரை லட்சம். உண்மையான சோதனையில் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக்கூடாது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை அதுதான். செலவு முழுக்கச் சோதனை நடத்துகிறவர்களுடையது. முறையான சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண் இருக்கும், இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் வாட்ஸ்அப் ஆளிடம் அந்த எண்ணையும் நெறிமுறைக் குழுவின் பதிவு எண்ணையும் கேளுங்கள். அநேகமாக அதற்குப் பிறகு உங்கள் போனை எடுக்க மாட்டார். தண்டுவடம் அடிபட்டவர்களைக் குறிவைத்து ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கறந்தவர்கள் உண்டு, இப்போது பெயர்ப்பலகையை மாற்றியிருக்கிறார்கள். ஏற்கெனவே ஏதாவது கட்டிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசிப் புகார் கொடுங்கள், அந்த ஆளோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள்.

அன்புடன்