கழுத்து முதலில் எந்தப் பக்கம் திரும்புகிறது?

சவுதியில் பதினோரு வருடம் ட்ரெய்லர் ஓட்டினேன். இப்போது மதுரையில் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த முறை, நடந்து போகிறவர்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மகன் முதல் தடவையாக துபாய் போகிறான். ரோட்டைப் பற்றி என்ன சொல்லி அனுப்புவது?
*(வாசகி, திருநகர்)*

ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் அம்மா: முதலில் இடது பக்கம் பார். நம் ஊரில் ரோட்டில் இறங்கினால் முதல் வண்டி வலது பக்கமிருந்து வரும். அங்கே இடது பக்கமிருந்து வரும். இது எல்லோருக்கும் தெரியும், கழுத்துக்கு மட்டும் தெரியாது. என் அறையில் இருந்த உசிலம்பட்டித் தம்பி வந்து ஒன்பதாவது நாள், ஷிஃப்ட் முடிந்த களைப்பில், வலது பக்கம் பார்த்துவிட்டு இறங்கினார். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இடித்த கார் நிற்கவே இல்லை.

கம்பெனி பஸ்ஸில் இறங்கி, அதன் முன்னால் புகுந்து கடக்க வேண்டாம். டிரைவர் சீட்டிலிருந்து நான் பார்த்திருக்கிறேன்: பஸ் மறைவிலிருந்து முதலில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு தெரியும், அப்புறம்தான் ஆள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். கண்ணில் பட்டுக் கால் பிரேக்குக்குப் போவதற்குள் அவ்வளவு தூரம் போய்விடும். இங்கே கையைக் காட்டினால் வண்டி ஒதுங்கிப் போகும். அந்த வேகத்தில் யாராலும் ஒதுங்க முடியாது. சிக்னலோ நடைமேம்பாலமோ தூரமாக இருந்தாலும் அதில்தான் போக வேண்டும். கண்ட இடத்தில் கடந்தால் துபாயில் அபராதமும் உண்டு.

சிகாகோவில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டேன். லீவுக்கு வந்தால் காளவாசலில் பிள்ளைகளோடு ரோட்டைக் கடக்கப் பயம். கோடு போட்ட இடத்தில்கூட யாரும் நிற்பதில்லையே?
*(வாசகர், பொன்மேனி)*

உங்கள் பயம் நியாயமானது. கோட்டில் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது இங்கேயும் சட்டம்தான். ஓட்டுகிறவர்கள் மதிப்பதில்லை, ஓட்டக் கற்றுக்கொடுப்பவனாக எனக்கு அது வெட்கம். அதனால் கோட்டை நம்பிக் கால் வைக்காதீர்கள்.

சிம்மக்கல்லில் பூக்கூடையோடு தினமும் கடக்கும் ஓர் அக்காவை வெகுநேரம் கவனித்தேன். அவர் டிரைவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை, முன்சக்கரத்தைத்தான் பார்க்கிறார். அது மெதுவானால் அடி வைக்கிறார், வைத்த அடியைப் பின்னால் எடுப்பதில்லை. கேட்டதற்கு, செல்லைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள், முகத்தை எப்படி நம்புவது என்றார். சரியாகச் சொன்னார். உங்கள் நடையைக் கணக்குப் பண்ணித்தான் வண்டிகள் விலகுகின்றன. பாதியில் ஓடினாலும் திரும்பினாலும் அந்தக் கணக்கு தப்பிவிடும். ஒருவழிப் பாதையிலும் இரண்டு பக்கமும் பாருங்கள், எதிர்த்திசையில் பைக் வரும். பிள்ளைகளின் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். வியர்த்த விரல் நழுவும்.

வயது 68. சிங்கப்பூருக்கு மகள் வீட்டுக்குப் போகிறேன். பச்சை விளக்குக்குள் கடந்துவிட முடியுமா?
*(வாசகர், மேலூர்)*

அங்குள்ள முதியவர்கள் பல சிக்னல்களில் தங்கள் அட்டையைக் காட்டினால் பச்சை கூடுதல் நேரம் எரியும். விருந்தாளிக்கு அந்த அட்டை கிடையாது. பச்சை மின்ன ஆரம்பித்துவிட்டால் இறங்காமல் அடுத்த பச்சைக்கு நில்லுங்கள். வண்டிகள் நம் ஊர் மாதிரி இடப்பக்கம்தான் ஓடும்.

வெளிநாட்டு நண்பர் இங்கே அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு?
*(வாசகர், கே.கே.நகர்)*

முதலில் 108. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, உச்சவரம்புக்கு உட்பட்டு, இலவசம். வெளிநாட்டவருக்கும் பொருந்தும். கொண்டுபோய்ச் சேர்ப்பவர் போலீஸுக்குப் பயப்பட வேண்டாம். 2019 சட்டத் திருத்தம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. தயங்கி நிற்காதீர்கள்.

குவைத்தில் விடிவதற்கு முன்னால் வேலைக்கு நடக்கிறேன். யூனிஃபார்ம் கறுப்பு.
*(வாசகர், திருமங்கலம்)*

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் பையில் ஒட்டுகிறார்களே, ஒளிரும் ஸ்டிக்கர், அதை ஊரிலிருந்து வரவழையுங்கள். முதுகில் மட்டும் போதாது, இரண்டு கணுக்காலிலும் ஒட்டுங்கள். ஹெட்லைட் வெளிச்சம் முதலில் விழுவது அங்கேதான். கால் அசைவதைப் பார்த்ததும் ஆள் என்று டிரைவருக்குப் புரியும். நடைபாதை இல்லாத இடத்தில் வண்டிகளுக்கு எதிர்முகமாக நடங்கள். குவைத்தில் அது ரோட்டின் இடது ஓரம்.