அண்டிப்பருப்பு போச்சு, ரூவா வரல: எந்த வாசல்ல போய் நிக்கணும்?

கேள்வி: கருங்கல் பக்கம் சின்னதா ஒரு அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) நடத்துதேன் சார். 2024 ஓணத்துக்கு முன்னாடி எறணாகுளத்துல ஒரு மொத்த வியாபாரிக்கு ரெண்டு லோடா 80 டின் பருப்பு அனுப்பினேன், டின்னு 10 கிலோ, விலை 8,000. ஜிஎஸ்டியோட 6,72,000 ஆச்சு. முன்பணமா 1,20,000 தந்தாரு, மீதி 5,52,000 இன்னும் வரல. பில்லுல 30 நாள் தவணைன்னு போட்டிருக்கு. முதல்ல தாறேன் தாறேன்னாரு, ஆறு மாசம் கழிச்சு ரெண்டாவது லோடுல பூச்சி இருந்துச்சுன்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டாரு, அதுக்குப் பிறகு போனே எடுக்கல. கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. குறு சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு 2021ல எடுத்தது. கேஸ் போட்டா பத்து வருஷம் இழுக்கும், வக்கீலுக்குக் கொடுத்தது போக ஒண்ணும் மிஞ்சாதுன்னு மச்சான் சொல்லுதான். ஸ்டேஷன்ல ஒரு பெட்டிஷன் கொடுத்துப் பார்க்கலாமா, இல்ல வேற வழி உண்டா? மெசேஜ் எல்லாம் இருக்க போனுக்கு டிஸ்பிளே போச்சு, அதையும் எக்ஸ்சேஞ்சுல மாத்தப் போறேன்.

பதில்: அண்ணாச்சி, முதல்ல அந்த ஸ்டேஷன் யோசனையை விடுங்க. சரக்கு வாங்கிட்டு காசு தரலைங்கறது சிவில் விவகாரம், மோசடின்னு கேஸ் நிக்கணும்னா ஆரம்பத்துலயே ஏமாத்தணும்னு நெனச்சுதான் வாங்கினாருன்னு காட்டணும், அவரு 1,20,000 முன்பணம் தந்திருக்காரு, அப்ப அதை எப்படிக் காட்டுவீங்க? கடன் வசூலுக்கு போலீஸை ஏஜெண்டா ஆக்காதீங்கன்னு சுப்ரீம் கோர்ட்டு எத்தனை தடவை திட்டியாச்சு. ஆளு கேரளால வேற இருக்காரு. ரெண்டு மாசம் அலைஞ்சதுதான் மிச்சமா இருக்கும்.

மச்சான் சொன்னது பாதி சரி. சாதா சிவில் கேஸா முன்சீப் கோர்ட்டுலயோ சப் கோர்ட்டுலயோ போட்டுட்டு வாய்தா வாய்தாவா போன பணக் கேஸுகளை நானும் நெறைய பார்த்திருக்கேன், இல்லேன்னு சொல்லல. ஆனா உங்க கையில எல்லாருக்கும் கிடைக்காத ஒரு சாவி இருக்கு, அதை நீங்க நடுவுல போற போக்குல எழுதியிருக்கீங்க. உத்யம் பதிவு. அதுவும் 2021லயே எடுத்தது, வியாபாரம் நடந்தது 2024ல. இந்த முன்னபின்னதான் முக்கியம், ஏன்னா பதிவு எடுக்கறதுக்கு முன்னாடி நடந்த சப்ளைக்கு குறு சிறு தொழில் சட்டத்தோட பலன் கிடைக்காதுன்னு 2021ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிச்சு, 2025ல அந்தக் கேள்வியைப் பெரிய பெஞ்சுக்கு அனுப்பியிருக்கு, அந்தச் சண்டை எதுவும் உங்களுக்கு வேண்டாம், நீங்க முன்னாடியே எடுத்தாச்சு.

நான் சொல்லுதது 2006ஆம் வருஷத்து குறு சிறு நடுத்தர தொழில் மேம்பாட்டுச் சட்டம். அதுல என்ன இருக்குன்னா, குறு சிறு தொழில்காரங்க கிட்ட சரக்கு வாங்கினவரு ஒத்துக்கிட்ட தேதிக்குள்ள காசு தரணும், எழுதி ஒத்துக்கிட்டாலும் 45 நாளுக்கு மேல தவணை கிடையாது, ஒண்ணும் பேசிக்கலைன்னா 15 நாள்தான். உங்க பில்லுல 30 நாள்னு இருக்கு, அப்ப 30 நாள். அது தாண்டின மறுநாள்லேர்ந்து வட்டி ஓட ஆரம்பிச்சிரும், அது சும்மா வட்டி இல்ல, ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு, மாசாமாசம் கூட்டு வட்டி. பேங்க் ரேட்டு 6%ன்னு ஒரு கணக்குக்கு வெச்சுப் பாருங்க, மூணு மடங்கு 18%, மாசத்துக்கு ஒண்ணரை, 5,52,000க்கு முதல் மாசமே 8,280. ஒரு வருஷம் முடிஞ்சா வட்டி மட்டும் ஒரு லட்சத்து எட்டாயிரம் கிட்ட வந்து நிக்கும். இந்தக் கணக்கை நோட்டீஸ்ல ஒரு தாளா போட்டு அனுப்பிப் பாருங்க, பாதிப் பேரு அந்தத் தாளைப் பார்த்துட்டுதான் திரும்ப போன் பண்ணுவாங்க.

இனி பூச்சி. இதுதான் எல்லாரும் எடுத்து விடுற சாக்கு, ரப்பர் ஷீட்டுன்னா ஈரம்பாங்க, தேனுன்னா பாகு கலந்திருக்கும்பாங்க, பருப்புன்னா பூச்சி. அதே சட்டத்துல இதுக்கும் பதில் உண்டு. சரக்கு இறங்கின 15 நாளுக்குள்ள வாங்கினவரு எழுத்துல ஆட்சேபம் சொல்லலைன்னா, இறங்கின அன்னைக்கே அவரு ஏத்துக்கிட்டதா கணக்கு. அவரு சொன்னது ஆறு மாசம் கழிச்சு. அதுக்குள்ள பருப்பு வித்து, ஓண சீசனும் முடிஞ்சு, அடுத்த விஷுவே நெருங்கியிருக்கும். 1930ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது, வேண்டாம்னு சொல்லாம நியாயமான காலத்துக்கு மேல கையில வெச்சுக்கிட்டா ஏத்துக்கிட்டதாத்தான் அர்த்தம். ஒண்ணு மட்டும் பார்த்துக்கிடுங்க, அந்த மெசேஜுக்கு நீங்க "சரி பார்த்து கழிச்சுக்கிடலாம்"னு எதாவது பதில் போட்டிருக்கீங்களா? போட்டிருந்தா மறைக்காம வக்கீல்கிட்ட காட்டிருங்க, எதிர்த்தரப்பு எப்படியும் அதைத்தான் முதல்ல எடுத்து நீட்டும்.

எங்க போடணும்? இந்த மாதிரி பாக்கிக்குன்னே ஒன்றிய அரசோட போர்ட்டல் இருக்கு, 2017ல சமாதான்னு ஆரம்பிச்சது, 2025ல ஓடிஆர்னு புது போர்ட்டல் வந்தாச்சு, உத்யம் நம்பர் போட்டு உள்ள போய், வாங்கினவரோட பேரு, ஜிஎஸ்டி நம்பர், பில்லு, பாக்கி எல்லாம் ஏத்தணும். அது இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கற வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். இதுல நமக்கு ரொம்ப சவுகரியமான விஷயம், வாங்கினவரு இந்தியாவுல எந்த மூலையில இருந்தாலும் விக்கற ஆளோட ஊருக்கான கவுன்சில் விசாரிக்கலாம்னு சட்டமே சொல்லுது. அதாவது நீங்க எறணாகுளம் போக வேண்டாம், அவருதான் இங்க தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்குப் பதில் சொல்லணும். கம்ப்யூட்டர்ல தடுமாறினா நாகர்கோவில் கோணத்துல தொழிற்பேட்டை பக்கம் இருக்க மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கேளுங்க, வழி சொல்லுவாங்க.

கவுன்சில் முதல்ல ரெண்டு பேரையும் உக்கார வெச்சு சமரசம் பேசும், முடியலைன்னா அதுவே நடுவர் தீர்ப்புக்கு எடுத்துக்கும் இல்லன்னா வேற நடுவர் அமைப்புக்கு அனுப்பும். 90 நாளுக்குள்ள முடிக்கணும்னு சட்டம், நடைமுறையில அது தாண்டும், அதை நம்பி யாருக்கும் நாள் குறிச்சுக் கொடுத்துராதீங்க. ஆனா தீர்ப்பு வந்துட்டா அதோட மதிப்பே வேற, கோர்ட்டு தீர்ப்பாணை மாதிரியே நிறைவேத்தலாம், அவரு அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகணும்னா தீர்ப்புத் தொகையில 75% முதல்ல கட்டிட்டுத்தான் பேசவே முடியும். காசு கட்டாம அப்பீல்லயே அஞ்சு வருஷம் ஓட்டற வித்தை இங்க நடக்காது.

இதைப் படிச்சுட்டு மார்த்தாண்டத்துல கடை வெச்சிருக்கவங்களும் கிளம்பிராதீங்க. வாங்கி விக்கற வியாபாரிக்கும் 2021லேர்ந்து உத்யம் கொடுக்காங்கதான், ஆனா அது பேங்க் லோன் முன்னுரிமைக்கு மட்டும், இந்தக் கவுன்சில் வாசல் அவங்களுக்குத் திறக்காது. நீங்க அண்டி வறுத்து உடைச்சு தோல் உரிச்சு தரம் பிரிச்சு டின்னுல அடைக்கற உற்பத்திக்காரரு, அதனாலதான் இவ்வளவு தூரம் பேசுதேன்.

அந்த வியாபாரிகளுக்கு என்ன வழின்னு கேட்டா, 2015ஆம் வருஷத்து வணிக நீதிமன்றச் சட்டம். முன்னாடி ஒரு கோடிக்கு மேல உள்ள கேஸுக்குத்தான்னு இருந்துச்சு, 2018ல அதை 3 லட்சமா கொறச்சுட்டாங்க, அதுக்கப்புறம்தான் நம்மள மாதிரி ஊருக்கு அது பிரயோஜனமாச்சு. அவசரத் தடை எதுவும் கேக்கலைன்னா நேரா கேஸ் போட முடியாது, முதல்ல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல மத்தியஸ்தத்துக்கு மனு போடணும், நாகர்கோவில் கோர்ட்டு வளாகத்துலயே ஆபீஸ் இருக்கு. இதை விட்டுட்டுப் போட்டா கேஸையே தள்ளிருவாங்கன்னு 2022ல சுப்ரீம் கோர்ட்டு அடிச்சு சொல்லியாச்சு. மனுவுக்கு 1,000 ரூவா, எதிராளி வந்து உக்கார்ந்தா 3 லட்சத்துலேர்ந்து 10 லட்சம் வரைக்கும் மத்தியஸ்தர் பீஸு 15,000, அதுவும் ஆளுக்குப் பாதி. மூணு மாசத்துல முடிக்கணும், ரெண்டு பேரும் சம்மதிச்சா இன்னும் ரெண்டு மாசம். அந்த நாளு கேஸ் போட உள்ள மூணு வருஷக் கெடுவுல சேராது. அவரு வரவே இல்லன்னா வரலைன்னு ஒரு ரிப்போர்ட் தருவாங்க, அதைக் கையில வெச்சு கேஸ் போட வேண்டியதுதான். வந்து முடிஞ்சுதுன்னா அந்த ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்போட பலம் உண்டு.

கேஸா போனா தமிழ்நாட்டுல கோர்ட்டு பீஸு 3%, 2017க்கு முன்னாடி ஏழரை, உங்க தொகைக்குன்னா 16,560 வரும். வணிகக் கோர்ட்டுல எனக்குப் பிடிச்சது என்னன்னா எதிர்த்தரப்பு பதிலுரை போட 30 நாள், கெஞ்சிக் கூத்தாடினாலும் சம்மன் கிடைச்சதுலேர்ந்து 120 நாள், அதுக்கு மேல ஒரு நாள் கூட கிடையாது, பதிலுரை போடற உரிமையே போயிரும். பேருக்கு ஒரு மறுப்பு, உள்ள சரக்கே இல்லன்னா சாட்சி விசாரணை இல்லாம சுருக்கமா தீர்ப்பு கேட்டும் மனு போடலாம். தோத்தவரு செலவும் தரணும்கறதுதான் அங்க பொது விதி. ஆனா கவுன்சிலும் இதுவும் ரெண்டையும் ஒரே பாக்கிக்கு இழுத்துக்கிட்டு அலையாதீங்க, ஒண்ணுதான். உங்களுக்கு என் ஓட்டு கவுன்சிலுக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச தோவாளை பூ வியாபாரி யாருக்காவது நாப்பதாயிரம் அம்பதாயிரம் பாக்கின்னா அதுக்கு இதெல்லாம் வேண்டாம், லோக் அதாலத்துல கேஸுக்கு முந்தின மனுவா கொடுக்கச் சொல்லுங்க, பீஸு கிடையாது, எதிராளி ஒத்துக்கிட்டா அன்னைக்கே முடியும், அப்பீலும் இல்ல. ஒத்துக்கலைன்னா ஒண்ணும் நடக்காது, அவ்வளவுதான்.

செக் விஷயத்துக்கு வாறேன். அது தனி ரோடு, கவுன்சில் நடக்கும்போதே இதையும் ஓட்டலாம். விருப்பப்பட்டு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெத்துச் செக்கும் கடனுக்குத்தான் கொடுத்ததுன்னு சட்டம் அனுமானிக்கும், இல்லேன்னு காட்டற பாரம் அவரு தலையில. ஆனா தேதி, தொகை எழுதுறதுக்கு முன்னாடி நாலு தடவை யோசிங்க. 5,52,000க்கு மேல ஒரு ரூவா கூட எழுதக் கூடாது, கோவத்துல வட்டியையும் சேர்த்து 7 லட்சம்னு எழுதினா நல்ல கேஸை நீங்களே கெடுத்த மாதிரி ஆக்கும். எழுதின தேதிலேர்ந்து மூணு மாசத்துக்குள்ள பேங்க்ல போடணும், திரும்பினதா மெமோ வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ், அது அவரு கைக்குப் போய் 15 நாளு அவருக்கு டைம், அதுக்குள்ள தரலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டுல புகார். இதுல எதையும் தவற விடக் கூடாது, காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. 2015 திருத்தத்துக்குப் பிறகு நீங்க செக்கைப் போட்ட கணக்கு இருக்க உங்க பேங்க் கிளை எந்தக் கோர்ட்டு எல்லையில வருதோ அங்கயே போடலாம், ஆக அவருதான் பாலராமபுரம், களியக்காவிளை எல்லாம் தாண்டி இங்க வரணும். குத்தத்தை மறுத்தாருன்னா செக் தொகையில 20% வரைக்கும் இடைக்கால இழப்பீடா கட்டச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கு.

காகிதம்தான் மிச்சம். நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒருத்தரு தும்பு (தேங்காய் நார்) லோடு கேஸுக்கு ஒரு கட்டைப்பையைக் கொண்டாந்து மேசையில கவுத்தாரு, பில்லு இருக்கு, லாரி ரசீது இருக்கு, ஆனா ரசீதுல வாங்கின கையெழுத்து இருக்க வேண்டிய இடத்துல மழை பட்டு நீல மை கரைஞ்சு ஒரு வட்டம், அவ்வளவுதான் தெரியுது. அவங்க சரக்கே வரலைன்னுட்டாங்க. கடைசில அவங்களோட ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் பண்ணச் சொல்லி மனு போட்டோம், பார்த்தா அதே பில்லுக்கு இன்புட் கிரெடிட், அதாவது வாங்கின சரக்குக்கான ஜிஎஸ்டியை தன் வரில கழிச்சுக்கற சலுகை, எடுத்து வெச்சிருக்காங்க, அதோட வாய் அடைஞ்சு போச்சு. உங்க ஆளும் எடுத்திருப்பாரு, எடுத்துட்டு 180 நாளுக்குள்ள உங்களுக்குக் காசு தரலைன்னா அந்தக் கிரெடிட்டை வட்டியோட திருப்பணும். குறு சிறு தொழில்காரருக்குக் கெடு தாண்டி பாக்கி வெச்சா கொடுக்கற வரைக்கும் அந்தத் தொகையை வருமானவரில செலவாக் காட்டவும் முடியாது, 2023 பட்ஜெட்ல வந்த மாற்றம் இது. இந்த ரெண்டையும் நோட்டீஸ்ல எழுதச் சொல்லுங்க, ஒரு காப்பி அவரோட ஆடிட்டர் கண்ணுல பட்டா நல்லது.

ஆக பில்லு, இ-வே பில்லு, லாரி ரசீது, முன்பணம் வந்த பேங்க் ஸ்டேட்மெண்ட், உத்யம் சர்டிபிகேட், இவ்வளவையும் ரெண்டு செட் எடுங்க. பணம் கேக்க உங்களுக்கு சரக்கு இறங்கி மூணு வருஷம், முதல் லோடு 2024 ஆகஸ்டுன்னா 2027 ஆகஸ்டுன்னே மனசுல வைங்க, தவணை நாளைச் சேர்த்துக் கூட்டிக்கிட்டு கடைசி வாரம் வந்து நிக்காதீங்க.

அந்தப் போனை மட்டும் எக்ஸ்சேஞ்சுல கொடுத்துராதீங்க அண்ணாச்சி. 2024 ஜூலைலேர்ந்து புது சாட்சியச் சட்டம், வாட்ஸ்அப் மெசேஜைக் கோர்ட்டுல காட்டணும்னா எந்தக் கருவியில இருந்து எடுத்ததுன்னு நீங்க ஒரு சான்றிதழ், அது கூட ஒரு நிபுணர் சான்றிதழ், ரெண்டும் வேணும். ஸ்கிரீன்ஷாட் பத்தாது. டிஸ்பிளேயை மாத்திட்டு, தாறேன் தாறேன்னு அவரு போட்ட மெசேஜையும் பூச்சி மெசேஜையும் அழிக்காம, சார்ஜ் போட்டு பீரோவுல வைங்க.