கப்பல் வந்திருந்தால்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் காசிமேட்டில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்பவன். 1987-இல் யாழ்ப்பாணத்துக்கு உணவு அனுப்பிய இந்தியா, 2009-இல் முள்ளிவாய்க்காலுக்கு ஒரு போர்க்கப்பலை அனுப்பியிருந்தால் மக்கள் பிழைத்திருப்பார்கள் அல்லவா? தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

ஒரு வாசகர், காசிமேடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வேதனை எனக்கும் உண்டு. ஆனால் போர்க்கப்பல் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

1987 ஜூன் 3 அன்று ராமேசுவரத்திலிருந்து உணவும் மருந்தும் ஏற்றிச் சென்றவை உங்களுடையதைப் போன்ற மீன்பிடிப் படகுகள்தாம். அவற்றை இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்ப, மறுநாள் இந்திய விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலுடன் சென்று, யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அன்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஜூலை 29-இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அக்டோபரில், அதன்படி அமைதி காக்கப் போன இந்தியப் படையே புலிகளுடன் போரிட்டது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்களும், எத்தனையோ ஈழத்துப் பொதுமக்களும் மாண்டபின், 1990 மார்ச்சில் அப்படை திரும்பியபோது, வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி நம் துறைமுகத்துக்குச் செல்லவில்லை. அதே ஆண்டு ஜூனில் மீண்டும் போர் மூண்டது. புழல் காவாங்கரையில் உள்ள ஈழ அகதிகள் முகாமுக்குப் போய்க் கேளுங்கள், மீதியை அங்கிருப்பவர்கள் சொல்வார்கள்.

2009-இல் காயம்பட்டுக் கிடந்தவர்களுக்கு வேண்டியிருந்தது பீரங்கியில்லாத கப்பல். அப்படி ஒன்று வந்தது. பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் வாடகைக்கு எடுத்த 'கிரீன் ஓஷன்', கரையிலிருந்து தள்ளி நிற்கும். காயம்பட்டவர்களைச் சிறு மீன்பிடிப் படகுகளில் கிடத்திக் கொண்டுபோய், அலையில் ஆடும் படகிலிருந்து கைமாற்றி ஏற்றினார்கள். ஆடுகிற படகிலிருந்து ஒரு மீன் கூடையைத் தூக்கிக் கொடுப்பதே எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே தூக்கியது காலிழந்த மனிதர்களை. பிப்ரவரியிலிருந்து மே 9 வரை, நோயாளிகளும் உடன் வந்தவர்களுமாக, ஏறத்தாழ 14,000 பேர் இவ்வாறு வெளியேறினார்கள். இந்திய மருத்துவர்கள் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள புல்மோட்டையில் மருத்துவமனை அமைத்து அவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள் என்பதையும் நன்றியுடன் சொல்ல வேண்டும்.

இரு தரப்பும் சுடாமலிருந்தால்தான் அந்தக் கப்பல் கரையை நெருங்க முடியும். மக்களை வெளியேறவிடாமல் தடுத்த புலிகளுக்கும், மக்கள் நெருக்கியடித்துக் கிடந்த இடத்தில் குண்டு பொழிந்த அரசுக்கும் அந்த மனமில்லை. மே 9-க்குப் பிறகு அது கடலில் காத்து நின்றும் கரைக்கு வர முடியவில்லை. அதற்கு வழிவிடச் சொல்லிக் கொழும்பை நெருக்கும் வலிமை தில்லிக்கு இருந்தது. அதைப் பயன்படுத்தவில்லை என்பதுதான் என் கோபம்.