அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணத்தில் ஜெர்மனி போகலாமா?

கேள்வி: சார், எனக்கு வயது 25. சொந்த ஊர் பாளையங்கோட்டை. சிவில் முடித்துவிட்டு மூன்று வருடமாக சென்னையில் ஒரு மேப்பிங் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், சம்பளம் 32,000. ஜெர்மனியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், ரிமோட் சென்சிங் (கணினி வரைபடம், செயற்கைக்கோள் படங்களை ஆராய்வது) எம்எஸ்சி படிக்க ஆசை. அப்பா மில்லில் இருந்து வருகிற மே மாதம் ரிட்டயர் ஆகிறார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்து 14 லட்சம் வரும், பென்ஷன் 4,000 சொச்சம். என்னிடம் 4 லட்சம் இருக்கிறது. அம்மாவின் நகை 18 பவுன், சொந்த வீடு உண்டு, தம்பி பிளஸ் டூ படிக்கிறான். ஒரு ஏஜென்ட் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார், 19 லட்சத்தில் எல்லாம் முடிந்துவிடுமாம். அவருக்கு 10,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், மாதக் கடைசிக்குள் மீதி 1.4 லட்சம் ஃபீஸ் கேட்கிறார். அப்பா, "என் பணத்தை எடுத்துக்கோ, கடன் வேண்டாம்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

முதலில் அப்பா விஷயத்தை முடித்துவிடுவோம். அந்த 14 லட்சத்தைத் தொடாதீர்கள். அதை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், இப்போதைய 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 28,700 ரூபாய் வரும். மாதத்துக்கு 9,500 சொச்சம். பென்ஷனோடு சேர்த்தால் சுமார் 13,500. இதை வைத்துத்தான் அப்பாவும் அம்மாவும் சாப்பிட வேண்டும், தம்பியும் கல்லூரிக்குப் போக வேண்டும். அவர் எடுத்துக்கோ என்று சொல்வது பாசத்தில். உங்களுக்கு வயது 25, கடனை அடைக்க முப்பது வருடம் இருக்கிறது. அவருக்கு அது கிடையாது. அதனால் கடன் உங்கள் பெயரில்தான் வர வேண்டும். கேள்வி எவ்வளவு கடன் என்பதுதான்.

அதற்கு ஏஜென்ட் சொன்ன 19 லட்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ காட்ட வேண்டும். நான் எல்லாக் கணக்கையும் ஒரு யூரோவுக்கு 105 ரூபாய் வைத்துப் போடுகிறேன், ஆகவே அது 12.5 லட்சம். அதோடு அந்தத் தனியார் கல்லூரியின் முதல் வருடக் கட்டணம் ஏறக்குறைய 6,000 யூரோ என்றால் 6.3 லட்சம். கூட்டினால் 19 லட்சம் வந்துவிட்டது. அதாவது அவர் சொன்னது முதல் வருடத்துக்கு மட்டும். படிப்பு இரண்டு வருடம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள், முதல் வருடத்துக்குக் கைக்காசும் இரண்டாம் வருடத்துக்கு நம்பிக்கையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள்.

பிளாக்டு அக்கவுண்ட் என்பது கட்டணம் இல்லை, அது உங்கள் சொந்தப் பணம், மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும். விசா கிடைக்காவிட்டால் சில்லறைக் கட்டணம் போக முழுதும் கிடைத்துவிடும். ஆனால் அது வரத் தொடங்குவதே நீங்கள் அங்கே போய் முகவரி பதிந்து, உள்ளூர் வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான். அதற்குள் வீட்டுக்காரர் முன்பணம் கேட்பார். அங்கே சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம் (மூன்று தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு, இது பலருக்குத் தெரிவதில்லை). என்னிடம் ஆலோசனை கேட்டுப் போன ஒரு பையன் முதல் மூன்று வாரம் நண்பனின் அறையில் தரையில் படுத்துக்கொண்டு, பிளாக்டு அக்கவுண்டில் 12 லட்சம் கிடக்க, கையில் 40 யூரோவோடு எனக்கு வாட்ஸ்அப் செய்தான். ஆகவே தனியாக 1,500 யூரோ கையில் கொண்டு போங்கள். அது 1.6 லட்சம். ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளை ஜெர்மனிக்காகச் சரிபார்த்துத் தருவது) 18,000, ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பக் கட்டணங்கள், விசா, விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து இன்னொரு 1.2 லட்சம்.

அந்த 992 எப்படிப் போகும் என்றும் பாருங்கள். அறை வாடகை 420 கிடைத்தால் அதிர்ஷ்டம். மாணவர் மருத்துவக் காப்பீடு 145 பக்கம். டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் உண்டு, அறைத் தோழர்களோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். சாப்பாடு, நீங்களே சமைத்தால், 200 முதல் 220. போன் 10. செமஸ்டருக்கு ஒருமுறை வரும் பங்களிப்புத் தொகைக்காக மாதம் 55 எடுத்து வைக்க வேண்டும். மீதம் நூறு, நூற்றிருபது. ஒரு குளிர்கால ஜாக்கெட் வாங்கினால் அந்த மாதம் அவ்வளவுதான்.

இப்போது கல்லூரிக் கட்டணம். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று யூடியூபில் சொல்வது இப்போது பாதி உண்மை. மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படித்தால் கட்டணம் கிடையாது. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017-லிருந்தே செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு 4,000 அல்லது 6,000 வாங்குகிறது, அதுவும் ஒரு செமஸ்டருக்கு. நான்கு செமஸ்டருக்கு 16,000 முதல் 24,000 யூரோ. விண்வெளித் துறையில் அதன் பெயர் பெரிய பெயர்தான், ஆனால் உங்கள் வீட்டுக் கணக்குக்கு அது வேண்டாம், அடித்துவிடுங்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரு செமஸ்டர், அதாவது ஆறு மாதம், அங்கே இருந்து சாப்பிட ஆகும் செலவு 5,952 யூரோ. ஸ்டுட்கார்ட் பக்கம் நான்கு செமஸ்டருக்குக் கட்டும் கட்டணம் 6,000. ஏறக்குறைய ஒன்றுதான்! அதனால் கட்டணம் உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்காமல் எத்தனை மாதம் என்றும் பாருங்கள். ஸ்டுட்கார்ட்டில் எச்எஃப்டி என்கிற கல்லூரியில் ஃபோட்டோகிராமெட்ரி அண்ட் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் மூன்றே செமஸ்டர், ஆங்கிலத்திலேயே. கட்டணம் 4,500 போனாலும் ஆறு மாத வாழ்க்கைச் செலவு மிச்சம்.

கூட்டிப் பார்க்கலாம். முதல் வருடம் வேலை எதுவும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மினிஜாப் என்கிற சின்னப் பகுதிநேர வேலையில் மாதம் 603 யூரோ. 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90, எனவே மாதம் 43 மணி நேரம் உழைத்தால் போதும். வருடத்தில் பத்து மாதம் அப்படிக் கிடைத்தால் 6,030. இந்தக் கணக்கில் மூன்ஸ்டர் மொத்தம் 21.5 லட்சம் ஆகிறது. எச்எஃப்டி 23 லட்சம் சொச்சம். கார்ல்ஸ்ரூவில் இருக்கிற ரிமோட் சென்சிங் படிப்பு கிட்டத்தட்ட 28. ஏஜென்ட்டின் தனியார் கல்லூரி 34 லட்சம், அவருடைய ஃபீஸ் தனி.

வேலை பற்றி இன்னொரு வார்த்தை. வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியருக்கு உதவியாளராகச் சேர்ந்தால், ஹிவி என்பார்கள், அது இந்தக் கணக்கில் வராது. டெலிவரி வேலைக்கு ஓடுவதைவிட அதைத்தான் குறிவைக்க வேண்டும், உங்கள் பயோடேட்டாவிலும் ஏறும்.

சரி, எவ்வளவு கடன் வாங்கலாம்? ஏஜென்ட்டுகளும் சில வங்கி ஊழியர்களும் ஜெர்மனி சம்பளத்தைக் காட்டித்தான் கடனை அளக்கச் சொல்வார்கள். ப்ளூ கார்டு என்கிற வேலை அனுமதிக்கு 2026-இல் புதுப் பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் வருடம் 45,934 யூரோ சம்பளம் வேண்டும், அதில் பிடித்தம் போகக் கைக்கு மாதம் 2,500 அளவில் வரும். 15 லட்சம் கடனுக்கு 10 சதவீத வட்டியில் பத்து வருடத் தவணை 19,800 ரூபாய், அதாவது 190 யூரோ. சிரித்துக்கொண்டே கட்டலாம். ஆனால் வேலை கிடைக்காமல் ஊருக்குத் திரும்பினால்? இங்கே ஐம்பதாயிரம் சம்பளத்தில் 19,800 கட்டினால் மூச்சு முட்டும், ஆனாலும் கட்டிவிடலாம். 30 லட்சம் கடன் என்றால் 39,600, வீடு ஏலத்துக்கு வரும். ஆகவே உங்கள் எல்லை 15 லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம், எந்தப் பல்கலைக்கழகம் கூப்பிட்டாலும் சரி.

வேலை கிடைக்காமல் போகுமா என்று கேட்பீர்கள். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் அனுமதி தருகிறார்கள், நல்ல அவகாசம்தான். ஆனால் இந்தத் துறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெர்மனியில் மேப்பிங் வேலைகளில் பெரும்பகுதி மாநில நில அளவைத் துறைகளிலும் நகராட்சிகளிலும் அவற்றுக்கு வேலை செய்து கொடுக்கும் சின்ன நிறுவனங்களிலும் இருக்கிறது, அங்கே ஜெர்மன் தெரியாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஆங்கிலத்திலேயே ஓடும் பெரிய இடங்கள் என்று பார்த்தால் டார்ம்ஸ்டாட்டில் ஐரோப்பிய விண்வெளி முகமையின் கட்டுப்பாட்டு மையம், அதே ஊரில் வானிலைச் செயற்கைக்கோள் அமைப்பான யூமெட்சாட். இரண்டும் பெரும்பாலும் உறுப்பு நாட்டுக் குடிமக்களைத்தான் எடுக்கும், இந்தியா உறுப்பு நாடு இல்லை. அவர்களுக்கு ஆள் கொடுக்கும் ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக நம்மவர்கள் போவதுண்டு. மியூனிக் பக்கத்தில் ஓபர்பஃபன்ஹோஃபனில் ஜெர்மன் விண்வெளி மையம் இருக்கிறது, ஆராய்ச்சிப் பக்கம் போக விருப்பம் என்றால் ஆய்வறிக்கையையே அங்கே செய்யப் பாருங்கள்.

அதனால் நான் சொல்வது, ஒரு வருடம் பொறுத்துப் போங்கள். சென்னையிலேயே இருக்கிறீர்கள், மாக்ஸ் முல்லர் பவனில் சேர்ந்து பி1 நிலை வரை ஜெர்மன் முடியுங்கள். மாதம் 15,000 சேமித்தால் உங்கள் 4 லட்சம் கிட்டத்தட்ட 6 லட்சம் ஆகிவிடும், அதில் வகுப்புக் கட்டணம் கொஞ்சம் தின்னும். 6-உம் 15-உம் சேர்ந்தால் 21, மூன்ஸ்டருக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. அம்மாவின் நகையை விற்க வேண்டாம், ஆய்வறிக்கை இழுத்து ஐந்தாவது செமஸ்டர் போனால் (போகும், பலருக்குப் போகிறது) அப்போது அடகு வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஒரு வருடத்தில் உதவித்தொகைக்கும் போட்டுப் பார்த்துவிடுங்கள். மூன்ஸ்டர், லிஸ்பன், ஸ்பெயினின் காஸ்டெயோன் மூன்றும் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் (ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித்தொகைத் திட்டம்) படிப்பு இருக்கிறது, மியூனிக், வியன்னா, டிரெஸ்டன், ட்வென்ட்டே சேர்ந்து நடத்தும் கார்ட்டோகிராஃபி (வரைபடக் கலை) படிப்பும் உண்டு. எராஸ்மஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, கல்விக் கட்டணமும் இல்லை. டாட் என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் ஈபாஸ் உதவித்தொகைத் திட்டம் இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கும், உங்களுக்கு மூன்று இருக்கிறது. கிடைக்கும் என்று நம்பி எதையும் நிறுத்தி வைக்க வேண்டாம், போட்டு வையுங்கள்.

இன்னொன்று, உங்கள் வேலை இப்போது எல்லைக்கோடு வரைவது மட்டும் என்றால் அதை வைத்து அங்கே நிற்க முடியாது. சென்டினல் செயற்கைக்கோள் படங்கள் முழுக்க இலவசம். 2023 டிசம்பரில் உங்கள் ஊர் தாமிரபரணி வெள்ளத்தில் மூழ்கியதே, அந்த நாட்களின் சென்டினல்-1 ரேடார் படத்தை இறக்கிப் பாருங்கள், மேகம் மூடியிருந்தாலும் ரேடாருக்குத் தெரியும், தேங்கிய தண்ணீர் கறுப்பாகத் தெரியும், வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பைத்தானில் ஒரு வரைபடம் போடுங்கள். விண்ணப்பக் கடிதத்தில் நாலு பக்கம் கதை எழுதுவதைவிட இது பேசும்.

கடன் விவரம் சுருக்கமாக. பொதுத்துறை வங்கியில் வீட்டை ஈடாக வைத்து வாங்குங்கள், ஈடு இல்லாமல் தரும் நிதி நிறுவனங்களில் வட்டி கூடுதல். முழுத் தொகையையும் ஒரேயடியாக எடுக்காமல் முதல் வருடத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, மீதியை அடுத்த வருடம் எடுங்கள். படிக்கும் காலத்தில் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 15 லட்சமும் எடுத்த பிறகு மாதம் 12,500, அதில் கொஞ்சமாவது பகுதிநேர வருமானத்திலிருந்து அனுப்பிவிடுங்கள். 80இ வரிச்சலுகை என்று ஏஜென்ட் சொன்னால் தலையாட்டிவிட்டு விடுங்கள். அது பழைய வரி முறையில், வரி கட்டும் அளவுக்கு இங்கே வருமானம் இருக்கிறவர் வட்டி கட்டினால்தான். அப்பாவுக்கு அந்த வருமானம் இல்லை, நீங்கள் இந்தியாவில் இருக்கப் போவதில்லை. கல்விக் கடனிலிருந்து வங்கி அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி பிடிக்கும் வரி) பிடிக்க மாட்டார்கள். சொந்தப் பணம் என்றால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டிய பகுதிக்குத்தான் பிடிப்பு, நீங்கள் அந்தப் பக்கமே போகப் போவதில்லை.

வெளிநாடெல்லாம் வேண்டாம், இங்கேயே படிக்கிறேன் என்று மனது மாறினால் கேட் தேர்வில் 2022-லிருந்து ஜியோமேட்டிக்ஸுக்குத் தனித் தாள் இருக்கிறது, எம்டெக்கில் மாதம் 12,400 உதவித்தொகை. செலவே இல்லாத வழி அது, அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

ஏஜென்ட்டுக்கு அந்த 1.4 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். ஏபிஎஸ், பல்கலைக்கழக விண்ணப்பம், விசா மூன்றையும் நீங்களே போடலாம், தமிழ்நாட்டிலிருந்து போகும் பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்படித்தான் போகிறார்கள். கொடுத்த 10,000-ஐத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். தந்தால் ஏபிஎஸ் கட்டணத்தில் பாதிக்கு மேல் அதிலேயே முடிந்துவிடும்.