பேர் சொல்லா மருந்து

அன்புள்ள ஐயா,

உங்களுக்குத் திக்குவாய் உண்டு என்று ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த தைரியத்தில் இதை எழுதுகிறேன். எனக்கு வயது 27. ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஐந்து வயதிலிருந்தே திக்குகிறது. என் பெயர் 'க'வில் தொடங்குகிறது, அந்த எழுத்துதான் எனக்கு எமன். போனில் "யாரு பேசுறது?" என்று கேட்டால் சில சமயம் கட் செய்துவிடுவேன். இரண்டு வருடம் முன்பு ஸ்பீச் தெரபிக்குப் போனேன். சொற்களை இழுத்து மெதுவாகப் பேசச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அறைக்குள் அருமையாகப் பேசினேன். வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் பேசினால் பழைய கதைதான். இப்போது '21 நாளில் நிரந்தரத் தீர்வு' என்று ஒரு விளம்பரம் பார்த்தேன், நாற்பதாயிரம் ரூபாய். போகலாமா? அடுத்த மாதம் ஒரு இன்டர்வியூவும் இருக்கிறது.

இன்னொன்று. என் அக்கா மகனுக்கு நாலு வயது. ஐந்து மாதமாக அவனும் திக்குகிறான். அம்மா அவன் நாக்கில் வசம்பு தேய்க்கிறார். என்னிடமிருந்துதான் தொற்றிக்கொண்டது என்று அக்காவின் மாமியார் சொல்கிறார். அதிலிருந்து நான் அவர்கள் வீட்டுக்குப் போவதில்லை.

க., ஈரோடு

அன்புள்ள க.,

முதலில் காசு விஷயம். போகாதீர்கள். வளர்ந்தவர்களின் திக்குவாயை ஒரேயடியாக நீக்கும் பயிற்சியோ மருந்தோ இன்றுவரை இல்லை. 21-ஆவது நாள் நீங்கள் சரளமாகப் பேசினாலும் ஆச்சரியமில்லை. புது இடம், புது நம்பிக்கை, கூடவே இழுத்துப் பேசும் பயிற்சி, இதெல்லாம் சேர்ந்தால் கொஞ்ச நாளைக்கு அப்படி வரும். அதை வீடியோவும் எடுத்துக்கொள்வார்கள். மூன்று மாதத்தில் அது கரைந்ததும் "நீங்க வீட்ல ஒழுங்கா பிராக்டிஸ் பண்ணல" என்பார்கள். பணமும் போய், பழியும் நம் தலையில்.

என் தமிழாசிரியர் நல்ல மனுஷர். நான் பாடம் ஒப்பிக்கத் திணறும்போதெல்லாம் "செந்தமிழும் நாப்பழக்கம்டா" என்பார். பழகினேன். வாயில் கூழாங்கல் போட்டுக்கூடப் பார்த்தேன். ஆனால் கோளாறு நாக்கில் இல்லை. தனியாக இருக்கும்போது நீங்கள் திக்குகிறீர்களா? பாடும்போது? வகுப்பில் எல்லோரும் சேர்ந்து வாய்ப்பாடு சொன்னபோது? நம்மில் பெரும்பாலானோருக்கு அங்கெல்லாம் திக்காது. அதே நாக்குதான். பேச்சின் தாளக்கணக்கைப் பார்த்துக்கொள்ளும் மூளை வேலையில் இருக்கிறது வித்தியாசம், அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. 2010-இல் சில மரபணு மாற்றங்களையே கண்டுபிடித்துவிட்டார்கள், பாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ந்து. இது தெரியாத காலத்தில், 1841-இல், பெர்லினில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர் திக்குபவர்களின் நாக்கிலிருந்து ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டையே வெட்டி எடுத்தார். நமக்கு வசம்போடு போயிற்று. அந்த வசம்பை ஊர்ப்பக்கம் 'பேர் சொல்லா மருந்து' என்பார்கள். பேர் சொல்ல முடியாத நமக்கு அதைத்தான் தேய்த்திருக்கிறார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வேலை கிண்டியில். அண்ணாசாலையில் பஸ் ஏறுவேன். எனக்கும் 'க' ஆகாது. கண்டக்டர் பக்கத்தில் வந்து விரலால் டிக்கெட் கட்டைத் தட்டும்போது 'கிண்டி' வராது. 'சைதாப்பேட்டை' வந்துவிடும். அங்கே இறங்கி அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி நடப்பேன். கிட்டத்தட்ட இரண்டு வருடம். காபி கேட்க முடியாமல் டீ குடித்தே பழகி, இன்றைக்கும் டீதான். ஆபீசில் எனக்குத் திக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். திக்கியதால் எனக்குப் போனது நாளுக்குச் சில நிமிடங்கள்தான். அதை மறைக்கப் போனதுதான் இரண்டு வருடம்.

உங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை தப்பில்லை. அது திக்காமல் பேசும் வழி. சிலருக்கு நன்றாகவே உதவுகிறது. ஆனால் நீங்கள் சொல்வதுபோல அறையைத் தாண்டினால் தங்குவது கஷ்டம், ஒவ்வொரு சொல்லுக்கும் காவல் நிற்க வேண்டியிருக்கும். இன்னொரு வழி இருக்கிறது: திக்குவதையே லேசாகத் திக்குவது. அதை வகுத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் சார்ல்ஸ் வான் ரைப்பர் (1905-1994). அவரும் நம் ஆள். இளவயதில் திக்குவாயை மறைக்க, காது கேளாத, வாய் பேசாதவராக நடித்து ஒரு பண்ணையில் கூலிவேலை பார்த்திருக்கிறார். அப்புறம் ஒருநாள் வழியில் லிப்ட் கொடுத்த கிழவரும் திக்கினார், ஆனால் முகம் கோணாமல், மல்லுக்கட்டாமல். எனக்கு வயசாகிவிட்டது, சண்டை போடத் தெம்பில்லை, வார்த்தை கசிகிறபடி கசியட்டும் என்று விட்டுவிட்டேன் என்றாராம். வான் ரைப்பர் அதைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய முறையில் கற்றுக்கொள்ளும் வரிசை தலைகீழ். முதல் கட்டத்தில், ஒரு சொல்லில் மாட்டி எப்படியோ தள்ளி முடித்ததும் அடுத்த சொல்லுக்கு ஓடாமல் நிற்க வேண்டும். ஒரு மூச்சு. அதே சொல்லை இறுக்கமில்லாமல் திரும்பச் சொல்ல வேண்டும். அது கைவந்த பிறகு, மாட்டியிருக்கும்போதே தளர்த்தி வெளியே வருவது. கடைசியாகத்தான், மாட்டப்போகிறோம் என்று தெரியும்போதே சொல்லை மெதுவாகத் தொடங்குவது. உங்கள் 'க'வை எடுத்துக்கொள்ளுங்கள். 'ககார ஙகாரம் முதல்நா அண்ணம்' என்கிறது தொல்காப்பியம். அடிநாக்கு அண்ணத்தின் அடியைத் தொட்டுவிட்டு விலகினால்தான் 'க'. நமக்குத் தொட்டது பூட்டிக்கொள்கிறது. நாம் அந்தப் பூட்டை இன்னும் இறுக்கித் தள்ளுகிறோம், கண் மூடுகிறது, தலை வெட்டுகிறது. அந்த இடம் எப்படி இறுகுகிறது என்று கவனிக்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. கண்ணாடி முன் முயன்று பாருங்கள், முதல் வாரம் பார்க்கச் சகிக்காது.

அப்புறம் எனக்கு வாய்த்த தெரபிஸ்ட் செய்த கொடுமை ஒன்று உண்டு. தினம் பத்துக் கடைக்குப் போய் வேண்டுமென்றே திக்க வேண்டும். "ப-ப-பல்பு இருக்கா?" நாற்பது வயதில் இதைச் செய்தேன். முதல் கடையில் முதுகெல்லாம் வியர்வை. ஆறாவது கடைக்காரர் தலையைக்கூடத் தூக்காமல் "எத்தனை வாட்டு?" என்றார். நான் இருபது வருடமாகப் பயந்தது இந்த மனிதருக்குத்தான்.

எனவே தெரபியை விடாதீர்கள், இந்த முறை தெரிந்தவரைத் தேடுங்கள். ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஈரோட்டிலிருந்து மைசூரு ஒரு பஸ் தூரம்தான். அங்கே 1965-இல் தொடங்கிய மத்திய அரசின் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, கட்டணமும் உங்கள் நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில்கூட வராது. திக்குபவர்களே 2008-இல் தொடங்கிய இண்டியன் ஸ்டாமரிங் அசோசியேஷனும் உண்டு. பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத் திக்கும் என்பது கணக்கு. ஆனால் ஒரே அறையில் எட்டுப் பேர் திக்கி, யாரும் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்டர்வியூவில் நுழைந்ததும் நீங்களே சொல்லிவிடுங்கள்: "எனக்குத் திக்கும், சில பதிலுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்." பெயரில் மாட்டினால் மாட்டட்டும். அவர்கள் வேலை தராமல் போகலாம், அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மறைப்பதில் போகும் மூளை கணக்குக் கேள்விக்கு மிஞ்சும். நம்பூதிரிபாடிடம், அதாவது 1957-இல் கேரளத்தின் முதல் முதல்வரான ஈ.எம்.எஸ்.ஸிடம், "உங்களுக்கு எப்போதுமே திக்குமா?" என்று ஒருவர் கேட்டாராம். "இல்லை, பேசும்போது மட்டும்தான்" என்றாராம். உங்களுக்கு அவ்வளவு வாய்த்துடுக்கு வேண்டாம், ஒரு வாக்கியம் போதும்.

இனி மருமகன். தொற்றவில்லை. திக்குவாய் பார்த்தோ கேட்டோ ஒட்டிக்கொள்வதில்லை, குடும்பத்தில் ஓடும், அவ்வளவுதான். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் திக்கத் தொடங்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஆண் குழந்தை, தாய்மாமனுக்கும் உண்டு, ஐந்து மாதமாகவும் நீடிக்கிறது என்பதால் நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். இப்போதே ஒரு தெரபிஸ்டிடம் காட்டுங்கள். இந்த வயதுக்கென்றே சிட்னியில் உருவான லிட்கம் என்ற முறை உண்டு. தெரபிஸ்ட் வழிகாட்ட, வீட்டில் அம்மாவோ அப்பாவோ செய்வது. அதுவரை "மெதுவா சொல்லு", "மூச்சு விட்டுச் சொல்லு" எல்லாம் வேண்டாம். அவன் சொல்லி முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், சொல்லை எடுத்துக்கொடுக்கவும் வேண்டாம்.

நீங்கள் அந்த வீட்டுக்குப் போங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள். போகிற கையோடு அந்த வசம்பையும் வாங்கி எங்காவது ஒளித்து வைத்துவிடுங்கள்.